டேப்பட் இடைவெளியின் சரித்திரம்

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் குதிரைசக்தியையும் வேகத்தையும் பந்தய வெற்றிகளையும் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறார்கள். எஞ்சினுக்குள்ளே எண்ணெயில் தோய்ந்து, யார் கண்ணிலும் படாமல், நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கும் சிற்றுறுப்புகளின் சரித்திரத்தை, அவற்றைக் கழற்றிப் பூட்டியவர்களின் கைகள் அறிந்த அளவுக்கு ஏடுகள் அறியவில்லை. அத்தகைய உறுப்புகளில் முக்கியமானது, அமெரிக்கர்கள் லிஃப்டர் என்றும் நம்முடைய பட்டறைகளில் டேப்பட் என்றும் வழங்கும் சிறிய உலோக உருளை. கேம் ஷாஃப்டுக்கும் வால்வுக்கும் நடுவே நின்று, சுழலும் கேமின் மேட்டை நேர்மேலான அசைவாக மாற்றி வால்வைத் திறப்பதே அதன் தொழில். உருவத்தில் எளியதான இவ்வுறுப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் உண்டு. பழைய கார் எஞ்சின் ஒன்றை முழுவதும் பிரித்து மறுபடி சேர்க்க முற்படுகிறவர், டேப்பட்டுகளை அவற்றின் துளைகளில் இறக்கும் நேரத்தில் அந்தச் சரித்திரம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டே நிற்கிறார்.

நான்கு வீச்சு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றே சுற்றும். ஆகவே நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு டேப்பட்டும் 1,500 தடவை, அதாவது விநாடிக்கு 25 தடவை, எழுந்து விழுகிறது. இவ்வளவு விரைவாக இயங்கும் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டியே வைத்துவிடலாமே என்று தோன்றக்கூடும். ஆனால் வெந்தழலில் நிற்கும் வால்வின் தண்டு சூட்டினால் நீளும் சுபாவமுடையது. குளிர்ந்த நிலையில் இடைவெளியின்றிப் பூட்டிவிட்டால், சூடேறியபின் அந்த வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. அமராத வால்வு தன் சூட்டை இருக்கையின் வழியாக வெளியேற்ற இயலாமல், விளிம்பு கருகி ஓட்டையாகிவிடும். இடைவெளி அதிகமாகிவிட்டாலோ ஒவ்வொரு திறப்பும் ஒரு சம்மட்டி அடியாகி, ஓசையும் தேய்மானமும் பெருகும். ஆகவே டேப்பட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே, ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் பல எஞ்சின்களில் ஏறக்குறைய 10 முதல் 16 பங்கு வரை, அறிந்தே ஓர் இடைவெளி விடவேண்டியிருந்தது. அந்த இடைவெளியைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் அளித்த விடைதான் டேப்பட்டின் சரித்திரம்.

தொடக்க காலத்து எஞ்சின்களில் இந்தக் கேள்வி பாதியளவே எழுந்தது. டி தியோன் பூத்தோன் போன்ற ஆதி எஞ்சின்களில் புகை வெளியேறும் வால்வை மட்டுமே கேம் திறந்தது. எரிகலவை உள்ளே நுழையும் வால்வோ, மெல்லிய சுருள்வில்லினால் மூடப்பட்டு, பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுதலாலேயே தானாகத் திறந்துகொண்டது. இந்த ஏற்பாடு எளிதாயிருந்தது. ஆனால் எஞ்சின் வேகமெடுக்கும்போது வால்வு தன் இஷ்டப்படி நடந்ததே ஒழிய ஓட்டுகிறவரின் இஷ்டப்படி நடக்கவில்லை. 1901-ஆம் ஆண்டு வில்ஹெல்ம் மைபாக் வடிவமைத்த 35 குதிரைசக்தி மெர்சிடிஸ் வண்டியில் உள்வால்வுகளும் கேமின் ஆட்சிக்கு உட்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் மற்ற உற்பத்தியாளர்களும் அவ்வழியே வர, ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு டேப்பட், இரண்டு இடைவெளி என்ற நியதி நிலைபெற்றது. வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில், கேம் ஷாஃப்டுக்கு நேர்மேலே நின்ற காலம் அது. டேப்பட்டின் தலை நேராக வால்வுத் தண்டின் அடியைத் தொட்டது. விலையுயர்ந்த வண்டிகளில் டேப்பட்டின் தலையில் ஒரு திருகும், அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு பூட்டு நட்டும் இருந்தன. வண்டியைப் பராமரிப்பவர் இரண்டு ஸ்பானர்களும் மெல்லிய ஃபீலர் தகடும் கொண்டு அவ்வப்போது இடைவெளியைச் சரிசெய்தார். பொறுப்பு அவருடையது என்பதில் ஐயமே எழவில்லை.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி இந்த விடையை ஒரேயடியாக மாற்றியது. 1927 வரை ஒன்றரைக் கோடி அளவுக்கு உற்பத்தியான அந்த வண்டியில், திருகும் நட்டும் செலவு என்று விலக்கப்பட்டு, டேப்பட் ஒரே துண்டு உலோகமாக அமைந்தது. இடைவெளி அங்குலத்தில் 32-இல் ஒரு பங்குக்கு மேற்படவும் 64-இல் ஒரு பங்குக்குக் குறையவும் கூடாது என்பது ஃபோர்டு நிறுவனத்தின் விதி. தொழிற்சாலையில் எல்லா உறுப்புகளும் ஒரே அளவாகச் செய்யப்பட்டால், வண்டிக்குச் சொந்தக்காரர் அளக்கவேண்டிய அவசியமே நேராது என்ற நம்பிக்கை அவ்விதிக்குப் பின்னே இருந்தது. அந்த நம்பிக்கை வீண் அன்று. ஆனால் வால்வும் இருக்கையும் டேப்பட்டும் தேய்மானத்துக்குக் கட்டுப்பட்டவை என்பதைத் தொழிற்சாலையின் துல்லியம் மாற்றிவிட முடியாது. நாளடைவில் இடைவெளி மாறியபோது, பழுது பார்ப்பவர் தேய்ந்த டேப்பட்டை மாற்றவோ, தண்டின் நுனியைச் சிறிது சிறிதாகத் தேய்த்துக் குறைக்கவோ வேண்டியிருந்தது. திருகினால் முடிந்த வேலை சாணைக்குப் போயிற்று.

டேப்பட்டின் ஓசையை அடியோடு வெறுத்தவர்களும் அக்காலத்தில் உண்டு. அவர்களில் தலையாயவர் சிக்காகோவில் பால்பண்ணைத் தொழில் பத்திரிகை ஒன்றை நடத்திவந்த சார்லஸ் யேல் நைட். தம் காரின் வால்வுகள் எழுப்பிய இடைவிடாத தட்டல் அவருக்குச் சகிக்க முடியாததாயிருந்தது. வால்வையும் டேப்பட்டையும் அறவே நீக்கி, பிஸ்டனைச் சூழ்ந்து நழுவும் இரண்டு குழாய்களின் துளைகளாலேயே எரிகலவை புகவும் புகை வெளியேறவும் வழி செய்தார். 1906-இல் சிக்காகோ கண்காட்சியில் வைக்கப்பட்ட அந்த எஞ்சினை இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் ஏற்றுச் சீர்திருத்தி, 1909-இல் டூவார் கோப்பையையும் வென்றது. பெல்ஜியத்தின் மினெர்வா, பிரான்சின் பனார், வுவாசேன், அமெரிக்காவின் வில்லிஸ் முதலிய ஸ்தாபனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அரசர்களும் செல்வந்தர்களும் அந்த நிசப்தத்துக்கு விலை கொடுத்தார்கள். ஆயினும், குழாய்களுக்கிடையே ஓடவேண்டிய எண்ணெய் எரிந்து நீலப் புகையாக வெளியேறியதும், உற்பத்திச் செலவு மிகுந்ததும் அம்முறையை 1930-களில் மெல்ல மெல்ல அஸ்தமிக்கச் செய்தன. நைட்டின் முயற்சி தோற்றதென்று சொல்லிவிட முடியாது. கார் என்பது சத்தமின்றி ஓடவேண்டும் என்ற ஆசையை அது ஜனங்களின் மனத்தில் ஊன்றிவிட்டது. அந்த ஆசையைப் பிற்காலத்தில் வேறொரு வழியால் டேப்பட்டே நிறைவேற்றிற்று.

அதற்கு முன்பு, பக்க வால்வு எஞ்சினின் உச்சியாக விளங்கிய ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். 1932 மார்ச் மாத இறுதியில் ஹென்றி ஃபோர்டு உலகுக்குக் காட்டிய வி-8 எஞ்சின், 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைசக்தியும் உடையது. டியர்பார்னிலுள்ள கிரீன்ஃபீல்டு கிராமத்தில், புளோரிடாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தில், வெளியார் அறியாமல் ஒரு சிறு குழுவினர் அதை வரைந்தார்கள். எட்டுச் சிலிண்டர்களையும் கிராங்க் அறையையும் ஒரே வார்ப்பாக வார்த்தெடுத்தமை அந்நாளைய வார்ப்படத் தொழிலின் மகத்தான சாதனை. எட்டு சிலிண்டர் எஞ்சின் என்பது பணக்காரர்களின் உரிமையாயிருந்த காலத்தில், 460 டாலர் விலையில் ஒரு சாதாரண விவசாயியும் அதை வாங்க முடிந்தது. அந்த வார்ப்பின் நடுப்பள்ளத்தில் ஒரே கேம் ஷாஃப்ட், அதன் மேலே இருபுறமும் சாய்ந்து நிற்கும் 16 டேப்பட், அவற்றின் மேல் 16 வால்வு. அமெரிக்காவில் 1953 வரை, சிற்சில மாறுதல்களோடு, இதுவே ஃபோர்டு காரின் அடிப்படையாயிருந்தது. டேப்பட்டின் விஷயத்தில் மட்டும் ஃபோர்டு தம் பழைய கொள்கையை விடவில்லை: திருகு இல்லை, இடைவெளியை உண்டாக்குவது சாணைக்கல்தான்.

ஆகவே இன்று அத்தகைய எஞ்சின் ஒன்றைப் புதுப்பிக்கிறவருக்கு டேப்பட் பூட்டும் வேலை ஒரு தவமாகவே அமைகிறது. எஞ்சின் வார்ப்பைக் கொதிக்கும் காரநீரில் கழுவி, வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே இந்த வார்ப்புகளில் தோன்றக்கூடிய விரிசல் இருக்கிறதா என்று சோதித்த பிறகு, டேப்பட் துளைகள் ஒவ்வொன்றையும் பார்க்கவேண்டும். பல்லாண்டு எண்ணெயின் வார்னிஷ் படிவு ஒரு துளையில் சிறிது இருந்தாலும் டேப்பட் பிடித்துக்கொள்ளும். துளை தேய்ந்து அகன்றிருந்தால் டேப்பட் சாய்ந்து ஆடும். எண்ணெய் பூசிய டேப்பட் தன் எடையாலேயே தயக்கமின்றி இறங்கவேண்டும், விரலால் திருப்பினால் தங்குதடையின்றித் திரும்பவேண்டும் என்பது அனுபவஸ்தர்களின் பரீட்சை. ஃபோர்டு வி-8 இல் வால்வு வழிகாட்டிக் குழாய்க்கான துளை டேப்பட்டைவிடச் சற்று அகலமாயிருப்பதால், டேப்பட்டை மேலிருந்தே இறக்கலாம். உள்ளே குடைந்து எடை குறைக்கப்பட்ட அந்த உருளை, மேல் துளையைக் கடந்து, கீழேயுள்ள தன் துளையில் அமர்ந்து, கேமின் முதுகில் நிற்கும்.

பழைய டேப்பட்டுகளைப் பழைய கேம் ஷாஃப்டோடு மறுபடி உபயோகிப்பதானால், கழற்றும்போதே எண்ணிட்டு வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் அதனதன் கேமின் மேலேயே திரும்ப அமர்த்தவேண்டும் என்பது தளர்த்தக்கூடாத விதி. ஒரு டேப்பட்டின் அடிமுகமும் அதன் கேமும் பல்லாயிரம் மைல் ஒன்றாக உராய்ந்து ஒன்றற்கொன்று இசைந்த வடிவத்தை அடைந்திருக்கின்றன. இடம் மாறினால் அந்த இசைவு குலைந்து, சில மணி நேரத்துக்குள்ளேயே கேமின் மேடு தேய்ந்துபோகக்கூடும். புதுக் கேம் ஷாஃப்ட் பூட்டினால் புது டேப்பட்டுகளே பூட்டவேண்டும் என்பதும் அதே காரணத்தாலேயே. வேகவேகமாக முடிக்க நினைப்பவருக்கு இவ்விதிகள் தொல்லையாகத் தோன்றலாம். ஆனால் உலோகத்துக்கு ஞாபகம் உண்டு என்பதை டேப்பட்டைப் போலத் தெளிவாகக் கற்பிக்கும் உறுப்பு எஞ்சினில் வேறொன்றில்லை.

அடுத்தது இடைவெளி. புதிதாக இருக்கை வெட்டப்பட்ட வால்வு முன்னிலும் சற்றுத் தாழ்வாக அமர்வதால், தண்டின் நுனி டேப்பட்டை நெருங்கிவிடும். இடைவெளி குறையும், சில சமயம் அறவே மறையும். கேம் ஷாஃப்டைத் திருப்பி, கேமின் மேடு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கும்படி வைத்து, ஃபீலர் தகட்டைச் செருகிப் பார்த்து, வால்வை வெளியே எடுத்து, தண்டின் நுனியைச் சதுரமாகப் பிடிக்கும் சட்டத்தில் வைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று சாணையில் குறைத்து, மறுபடி உள்ளே இட்டு, மறுபடி அளக்கவேண்டும். குறைத்ததைக் கூட்டுவதற்கு வழி இல்லை. ஒரே தடவை கை மிஞ்சிப்போனால் வால்வையே மாற்றவேண்டும், அல்லது இருக்கையை இன்னும் ஆழப்படுத்தவேண்டும். பதினாறு வால்வுக்கும் இவ்வாறு செய்து முடித்த பிறகு, இரண்டாகப் பிளந்த வழிகாட்டி, சுருள்வில், தாங்கி ஆகியவற்றோடு வால்வை ஒரே தொகுதியாகச் சேர்த்து உள்ளே செலுத்தி, குதிரைலாட வடிவமான பூட்டைச் செருகவேண்டும். இந்த வேலையில் சாமர்த்தியத்தைவிடப் பொறுமைக்கே மதிப்பு அதிகம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய கலிபோர்னியா நகரங்களின் இளைஞர்கள், இரண்டாம் உலக மகாயுத்தத்துக்கு முன்னும் பின்னும், பழைய ஃபோர்டு வி-8 வண்டிகளை வாங்கி வறண்ட ஏரிப்படுகைகளில் பந்தயம் ஓட்டத் தொடங்கியபோது, திருகுள்ள டேப்பட் மறுபடியும் அவசியமாயிற்று. எட் இஸ்கெண்டேரியன் போன்றவர்கள் பழைய கேம் ஷாஃப்டுகளைச் சாணையில் மறுவடிவம் கொடுத்து வால்வு அதிகமாகவும் நெடுநேரமும் திறந்திருக்கச் செய்தார்கள். அவ்வாறு சாணை பிடித்த கேமின் அடிவட்டம் சிறிதாகிவிடுமாதலால், தொழிற்சாலை டேப்பட் எட்டாமல் போகும். நீளத்தைக் கூட்டக்கூடிய டேப்பட்தான் அந்தக் குறையை ஈடுசெய்ய முடிந்தது. தொழிற்சாலை வேண்டாமென்று ஒதுக்கிய திருகை, வண்டியைத் தம் கையால் மாற்றியமைக்க விரும்பியவர்கள் மீட்டுக்கொண்டார்கள். இன்று அந்த எஞ்சினைப் புதுப்பிப்பவர்களிலும் பலர் சாணையின் அபாயத்தைத் தவிர்க்கத் திருகுள்ள டேப்பட்டையே நாடுகிறார்கள். அசல் வடிவத்தைக் காக்க விரும்புபவர்களோ சாணைக்கல்லோடு பொறுமையையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதற்கிடையே, இடைவெளியைக் காக்கும் பொறுப்பை மனிதரிடமிருந்து எடுத்து எண்ணெயிடமே ஒப்படைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. பிரான்சில் அமேதே பொலே 1910-லேயே எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டேப்பட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1930 ஜனவரியில் காடிலாக் நிறுவனம் வெளியிட்ட 16 சிலிண்டர் காரில், வால்வை மேலிருந்து அழுத்தித் திறக்கும் ராக்கர் என்னும் நெம்புகோலின் சுழல்மையத்தை எண்ணெய் அழுத்தத்தால் சிறிதே நகர்த்தி இடைவெளியை இல்லாமற் செய்யும் ஏற்பாடு இருந்தது. 1933-இல் பியர்ஸ் ஆரோ கார்களில் டேப்பட்டுக்குள்ளேயே அந்த ஏற்பாடு குடியேறியது. இவை செல்வந்தர்களின் வண்டிகள். 1949-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபீலும் காடிலாக்கும் வால்வுகள் சிலிண்டரின் தலையில் அமைந்த தலைவால்வு வி-8 எஞ்சின்களை வெளியிட்டபோதோ, எண்ணெய் டேப்பட் நடுத்தர மக்களின் காரை நோக்கி இறங்கத் தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் அது சாதாரண விஷயமாயிற்று.

அதன் அமைப்பில் ஒரு சூட்சுமமான அழகு உண்டு. டேப்பட்டின் உடலுக்குள் ஒரு சிறு பிஸ்டன். அதன் கீழே மெல்லிய சுருள்வில்லும், எண்ணெய் ஒரு திசையில் மட்டும் செல்ல அனுமதிக்கும் சிறு குண்டு வால்வும். கேம் தாழ்ந்திருக்கும்போது எண்ணெய் உள்ளே புகுந்து, பிஸ்டனை மேலே தள்ளி, இருக்கும் இடைவெளி முழுவதையும் நிரப்பிவிடுகிறது. கேமின் மேடு வந்தவுடன் குண்டு தன் வாயை மூடிக்கொள்ள, அகப்பட்ட எண்ணெய் சுருங்காத இயல்பினால் இரும்பைப் போல நின்று வால்வைத் தூக்குகிறது. பிஸ்டனுக்கும் உடலுக்கும் இடையே மிகக் குறுகிய சந்தில் எண்ணெய் கொஞ்சமாகக் கசிவதால், சூட்டில் தண்டு நீளும்போது பிஸ்டன் அதற்கேற்பத் தாழ்ந்துகொள்ளும். இந்தக் கசிவின் அளவே அந்த உறுப்பின் உயிர். ஆகையால் பிஸ்டனும் உடலும் ஜோடி ஜோடியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்பட்டவை. பழைய எஞ்சினில் இவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்பவர் ஒரு ஜோடியின் பிஸ்டனை மற்றொரு ஜோடியின் உடலில் போட்டுவிட்டால், ஒன்று வேகமாகக் கசியும், ஒன்று இறுகி நிற்கும். ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று அளக்கும் கஷ்டம் நீங்கியது. ஆனால் சுத்தம் என்ற புதிய நிபந்தனை அதன் இடத்தில் வந்து அமர்ந்தது. எண்ணெயில் ஒரு துகள் இருந்தால் போதும், குண்டு சரியாக மூடாமல் டேப்பட் தட்டத் தொடங்கும்.

தட்டை முகமுள்ள டேப்பட்டுக்கு மற்றொரு ரகசியமும் உண்டு. கண்ணுக்குத் தட்டையாகத் தோன்றும் அதன் அடிமுகம் உண்மையில் மிகப் பெரிய கோளத்தின் சிறு துண்டு போல நடுவில் சற்றே மேடாக இழைக்கப்பட்டது. கேமின் முகமும் ஒருபக்கம் சிறிது சரிந்திருக்கும். இவ்விரண்டும் சேர்ந்து டேப்பட்டை ஒவ்வொரு தூக்கலிலும் சிறிது சுழலச் செய்கின்றன. சுழலுகிற முகம் ஒரே இடத்தில் தேயாமல் எங்கும் பரவித் தேய்கிறது. ஒரு டேப்பட்டின் பக்கவாட்டை மற்றொன்றின் அடிமுகத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது பழைய பட்டறை வழக்கம். விளிம்புகளில் வெளிச்சம் தெரிந்து நடுவில் தொட்டால் முகம் நல்ல நிலையில் இருக்கிறது, நடுவில் வெளிச்சம் தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது என்று அறியலாம்.

தொடும் பரப்பு இவ்வளவு சிறிதாதலால் அங்கே ஏற்படும் அழுத்தம் மிகப் பெரிது. தலைவால்வு எஞ்சின்களின் பலத்த சுருள்விற்கள் வந்தபோது எண்ணெய்ப் படலம் மட்டும் கேமைக் காக்க இயலவில்லை. 1940-களின் தொடக்கத்தில், பேரிங்குகளை அரிப்பினின்று காக்கும் பொருட்டு எண்ணெயில் சேர்க்கப்பட்ட துத்தநாக டைதயோபாஸ்பேட் என்னும் சேர்மம், கேமின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உண்டாக்கும் என்று தெரியவந்து, 1950-களில் அதன் முக்கியப் பணியே அதுவாயிற்று. பின்னாளில், அந்தச் சேர்மத்திலுள்ள பாஸ்பரஸ் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக்குத் தீங்கு செய்வதால், 2004-இல் வந்த தரநிர்ணயம் பெரும்பாலான பெட்ரோல் கார் எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தியது. புதுக் கார்களுக்கு அதனால் குறைவில்லை. 1980-களின் நடுவிலிருந்தே அமெரிக்க உற்பத்தியாளர்கள் உருளும் சக்கரம் பொருத்திய ரோலர் டேப்பட்டுக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். ஆதி எஞ்சின்கள் சிலவற்றில் விளங்கிய அதே உருளும் சக்கரம், எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு உயர்ந்த உலோகத்தில் மறுபிறவி எடுத்தது. தட்டை முகமுள்ள பழைய எஞ்சின்களோ அபாயத்துக்கு உள்ளாயின. ஆகவே புதுக் கேமும் டேப்பட்டும் பூட்டுகிறவர், டேப்பட்டின் அடிமுகத்தில் மாலிப்டினம் கலந்த பசையைப் பூசி, தக்க எண்ணெயைத் தேர்ந்து, எஞ்சின் உயிர்பெற்றவுடன் அதை மெதுவாக ஓடவிடாமல் முதல் இருபது நிமிஷம் ஏறத்தாழ 2,000 சுற்றிலேயே நிறுத்துகிறார். கேமின் மீது எண்ணெய் தாராளமாகத் தெறிக்கவும், டேப்பட்டுகள் தவறாமல் சுழலத் தொடங்கவும் அந்த வேகம் தேவை. முதல் இருபது நிமிஷமே பின்வரும் ஆண்டுகளை நிர்ணயிக்கிறது.

நம் நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் நேரான தொடர்பு உண்டு. இங்கிலாந்து நீங்கலான பிரிட்டிஷ் சாம்ராஜ்ய நாடுகளுக்கு ஃபோர்டு வண்டிகளை வழங்கும் உரிமை கனடா ஃபோர்டு நிறுவனத்துக்கு இருந்தது. அதன் கிளையாக 1926-இல் இந்திய ஃபோர்டு நிறுவனம் தோன்றி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுக நகரங்களில் இயங்கிற்று. வி-8 எஞ்சின் கார்களாகவும் லாரிகளாகவும் அந்த வழியே வந்தது. யுத்த காலத்தில் கனடாவில் செய்யப்பட்ட ராணுவ லாரிகளோடும் வந்தது. 1950-களின் நடுவில் அந்நிறுவனம் நம் நாட்டை விட்டு அகன்றபின், அசல் உதிரிபாகங்கள் அரிதாயின. அந்நிலையில் பட்டறைக்காரர்களின் லேத்தும் சாணையும் காதும்தான் பழைய வண்டிகளை ஓட வைத்தன. பின்னர் வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு கார்களிலும் ஊர்தோறும் ஓடிய அம்பாசடரிலும், ராக்கரின் நுனியிலுள்ள திருகினால் இடைவெளியைச் சரிசெய்யும் முறை இருந்தமையால், "டேப்பட் செட்டிங்" என்பது நம் மெக்கானிக்குகளின் அன்றாடத் தொழிலாயிற்று. ராணே குழுமம் 1959-இல் சென்னையில் எஞ்சின் வால்வுகளுக்கென்றே ஓர் ஆலையைத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உறுப்புகள் நம் கைகளிலேயே உருவாகத் தொடங்கின. திருப்புளியின் பிடியைக் காதிலும் நுனியை எஞ்சின் மூடியிலும் வைத்து, எந்த டேப்பட் தட்டுகிறது என்று சொல்லிவிடும் மெக்கானிக்கை நம் ஊர்களில் இன்னும் காணலாம்.

இவ்வாறு இடைவெளியைக் காக்கும் பொறுப்பு முதலில் வண்டிக்காரரின் ஸ்பானரிடமும், பிறகு பட்டறைக்காரரின் சாணையிடமும், அதன்பின் டேப்பட்டுக்குள் அடங்கிய எண்ணெயிடமும் சென்றது. ஒவ்வொரு மாற்றமும் ஓட்டுகிறவருக்குச் சுகத்தையே தந்தது. அந்தச் சுகத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் பொறுப்பு கைமாறிய ஒவ்வொரு தடவையும் அதனோடு சேர்ந்து ஓர் அறிவும் கைமாறிற்று. உறுப்பே தன்னைச் சரிசெய்துகொள்ளும் எஞ்சினில், உலோகம் எப்படி நீளும், எப்படித் தேயும், எதனோடு எது இசைந்திருக்கும் என்பவற்றை மனிதர் அறியவேண்டிய அவசியம் குறைந்துபோகிறது. அவசியமில்லாத அறிவு இரண்டு தலைமுறைக்குள் மறைந்துவிடும் என்பதைத் தொழில்களின் சரித்திரம் நெடுகக் காண்கிறோம்.

பழைய எஞ்சினைப் புதுப்பிப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணாதிருக்க இதுவே காரணம். அசல் டேப்பட்டுகளை எண்ணிட்டு வைத்து, அடிமுகத்தை வெளிச்சத்தில் பார்த்து, தண்டின் நுனியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பூட்டுகிறவர், ஒரு வண்டியை ஓடவைப்பதோடு, அந்த வண்டியை உண்டாக்கிய காலத்தின் அறிவையும் உயிரோடு வைத்திருக்கிறார். அவர் செய்யவேண்டிய கடமை இன்னும் ஒன்று உண்டு: எந்த எஞ்சினில் எந்த இடைவெளி வைத்தோம், எந்த டேப்பட் எந்தத் துளைக்கு உரியது, எந்த எண்ணெய் ஏற்றது, எந்த ஓசை எந்தக் குறையைக் காட்டியது என்பனவற்றை எழுதி வைக்கவேண்டும். கை அறிந்ததைத் தாளும் அறிந்தால், அடுத்து அந்த எஞ்சினைத் திறக்கப் போகிறவர், அவர் யாராயிருந்தாலும், முதலிலிருந்து தொடங்க நேராது. நம் பட்டறைகளில் வயது முதிர்ந்த மெக்கானிக்குகளின் காதும் விரலும் அறிந்துள்ளவற்றை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதிக்கொள்ள இன்றும் காலம் இருக்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் செய்வது நம் பொறுப்பு.